கிந்துப்பைப் பார்த்துப் புல்லரிப்பதற்கு முன்னால்

ஆங்கிலேயர் காலத்தில் ஓர் ஆற்றின் போக்கைக் கண்டுபிடிக்கத் திபெத்துக்குள் போன கிந்துப்பின் கதை மறுபடி சுற்றுகிறது, 'கடமை உணர்வு என்றால் இதுதான்' என்ற தலைப்போடு. எனக்கு அதில் கடமையைவிட ஆபீஸ்தான் கண்ணில் படுகிறது.

திபெத்தில் கிழக்கே ஓடும் சாங்போ ஆறு, நம்ச்சா பர்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து மலை இடுக்குக்குள் மறைந்துவிடும். அதுதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்று இந்திய சர்வே துறைக்குத் தெரிய வேண்டும். திபெத்தோ வெள்ளைக்காரர்களை உள்ளே விடாது. 1880இல் அந்தத் துறையின் கேப்டன் ஹார்மன் ஒரு சீன லாமாவை அனுப்பினார். துணைக்குப் போனவர் கிந்துப். டார்ஜிலிங்கில் தையல் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது.

லாமா இருந்த பணத்தைக் கரைத்தார், கிந்துப்பை அடிமையாக விற்றார், கம்பி நீட்டிவிட்டார். கிந்துப் பல மாதம் கழித்துத் தப்பினார். ஓடியது வீட்டுக்கு அல்ல, ஆற்றோரமாக இன்னும் கீழே! துரத்தி வந்தவர்களிடம் 50 ரூபாய் கொடுத்து ஒரு மடத்துத் தலைவர் அவரை வாங்கிக்கொண்டார். யாத்திரை போகிறேன் என்று மடத்தில் லீவு கேட்டு, காட்டில் 500 கட்டைகளை வெட்டிக் குகையில் ஒளித்தார். திரும்பி வந்து வேலை செய்தார். அப்புறம் இன்னொரு லீவு. லாசா போய், தெரிந்தவரைப் பிடித்து ஹார்மனுக்குக் கடிதம் எழுதவைத்தார்: இன்ன தேதியிலிருந்து தினம் 50 கட்டை ஆற்றில் விடுவேன், கீழே அஸ்ஸாமில் பாருங்கள், வந்தால் இரண்டும் ஒரே ஆறு. சொன்ன தேதியில் விட்டார்.

கீழே ஒருவரும் பார்க்கவில்லை. ஹார்மன் உடம்பு கெட்டு இந்தியாவை விட்டே போயிருந்தார், கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. சரி, அவர் போனார், துறை எங்கே போனது? மலைக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு ஒரு மேஜையிலாவது இருந்திருக்க வேண்டாமா?

கிந்துப் நான்கு ஆண்டு கழித்து வந்து, பார்த்ததை வாயால் சொன்னார். கையில் குறிப்பேடு இல்லாததால் பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்த இடுக்குக்குள் நடந்து பார்த்தபோது, அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பெரிய தப்பு ஒன்றுதான்: 30 அடி அருவி அறிக்கையில் 150 அடியாகியிருந்தது. இரண்டு அருவிகளைச் சேர்த்துக் குழப்பியது அவர் சொன்னதை எழுதிக்கொண்டவர்கள். எழுதத் தெரிந்தவர்கள்!

பெய்லி அவருக்குப் பென்ஷன் கேட்டார். அரசாங்கம் 1000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது, அதுவும் முப்பது வருஷம் கழித்து.