வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

முதன்முதலாக ஸ்டீரியோ வாங்குபவருக்கே 100 வாட் ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கரை இயக்கும் சக்தியைத் தரும் கருவி) வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுக்கும் சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை, முதலில் பாருங்கள். அது 88 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்றால் 1 வாட்டிலேயே 1 மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும். 10 வாட்டில் 98. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். திருப்பூர் லைன் வீட்டுப் பத்துக்குப் பத்து அறைக்கு 20, 30 வாட் தாராளம், சுவரை ஒட்டி அடுத்த குடும்பமும் இருக்கிறதே. அப்புறம், பெட்டி மேல் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று விளம்பரத்துக்காகப் போடும் வாட் எண்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் நம்பவே வேண்டாம்; ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் ஸ்பீக்கரைத் (மின்தடை குறைவு, அதனால் அதிக மின்சாரம் இழுக்கும்) தாங்குமா என்பதையும் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள், வித்தியாசம் அங்கேதான் அதிகம் தெரியும்.