‘சிறு திருத்தம்’ என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

சனிக்கிழமை நடந்த எங்கள் மென்பொருள் துறையினர் கூட்டத்தின் நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்திருக்கும். பிழையான ஒரு கணக்கு மென்பொருளை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்று தண்டித்த பிரிட்டிஷ் அஞ்சலக விவகாரம் பற்றி ஒரு பெண் கேள்வி கேட்டார். அதற்கு மேடையில் இருந்த பேச்சாளர், “மென்பொருள் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை, வழக்குப் போட்டவர்கள்தான் அனுப்பினார்கள், செய்து கொடுத்த கம்பெனியை இதில் இழுப்பது நியாயமே இல்லை” என்றார். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையனும் கைதட்டினான். மற்றவர்கள் தட்டியதைவிட அவன் தட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மென்பொருளைச் செய்து கொடுத்த ஃபுஜித்சு நிறுவனத்துக்குப் பிழை தெரிந்திருந்தது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். தெரியாமல் செய்த பிழை வேறு. பிழை இருப்பது தெரிந்தும், இன்னொருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, கணினி சரியாகத்தான் இருக்கிறது என்று சாட்சி சொல்லப் போவது வேறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, “மென்பொருள் என்றால் பிழை இருக்கத்தான் செய்யும்” என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போக யாரையும் விடக்கூடாது.

கதையை முழுதாக அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரிட்டனில் கிளை அஞ்சலகங்கள் பெரும்பாலும் மளிகைக் கடையின் ஒரு மூலையில், ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயங்குபவை. அவற்றை நடத்துபவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சொந்தச் சேமிப்பையும் வீட்டையும் வைத்துத் தொழிலில் இறங்கியவர்கள். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் இவர்களில் கணிசமாக உண்டு. 1999இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இந்தக் கிளைகளுக்கு வரத் தொடங்கியது. ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கியது அது. ஐசிஎல் ஏற்கெனவே ஜப்பானின் ஃபுஜித்சு கைக்குப் போயிருந்தது. திரையில் காட்டும் தொகையும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒத்துப்போகவில்லை என்றால் நடத்துநர்தான் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். தொகை சரி என்று ஒப்புக்கொண்டு கணக்கை முடித்தால்தான் அடுத்த கணக்குக் காலத்துக்குக் கிளையைத் திறக்க முடியும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பிழைப்பு போயிற்று; ஒப்புக்கொண்டால் பொய்க்கணக்கு எழுதிய குற்றம். கணக்கைச் சர்ச்சைக்குரியதாக ஒதுக்கிவைக்கத் திரையில் முன்பு இருந்த வழியையும் 2005இல் எடுத்துவிட்டார்கள்.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சிறிய கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன், 2,000 பவுண்டு குறைகிறது என்று உதவி எண்ணை அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் சொன்ன பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் பற்றாக்குறை இரட்டிப்பாகி 4,000 ஆனது. அந்தப் பணத்தையும் அவர்தான் கட்ட வேண்டும் என்றார்கள். கடைசியில் 36,000 பவுண்டு எடுத்துவிட்டதாக அவர் மேல் வழக்கு வந்தது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டும் என்றால் பொய்க்கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டும், கணினியைக் குறை சொல்லக் கூடாது என்பது பேரம். ஒப்புக்கொண்டார். கிராமத்துக்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். எல்லோருக்கும் அப்படிப்பட்ட கிராமம் வாய்க்கவில்லை.

1999க்கும் 2015க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய 700 வழக்குகளைத் தொடுத்தது போலீஸ் அல்ல. போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் தானே வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பயன்படுத்திப் போட்டவை அவை. “உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது, வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை படித்தவர்கள், “அப்படியானால் குற்றவாளி போஸ்ட் ஆபீஸ்தானே, பேச்சாளர் சொன்னதும் அதுதானே?” என்று கேட்கலாம். போஸ்ட் ஆபீஸ் குற்றவாளிதான். அதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆனால் அந்த வழக்குகளில் கணினிப் பதிவுகளை எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? அவை நம்பத்தக்கவை என்று கையெழுத்திட்டு வாக்குமூலம் கொடுத்தவர்கள் யார்? ஃபுஜித்சுவின் ஊழியர்கள். பதிவுகளைக் கேட்டுப் பெறுவதற்குக்கூட ஆண்டுக்கு இத்தனைதான் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் செலவு. ஒரு மனிதரின் விடுதலைக்கு வேண்டிய தரவு, விலைப்பட்டியலில் ஒரு வரியாக இருந்திருக்கிறது.

2010ஆம் ஆண்டின் பிற்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃப்ளீட் கிளையை நடத்திய சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாக நடுவர் குழுவின் முன் நின்றார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஃபுஜித்சுவும் போஸ்ட் ஆபீஸும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிழையைப் பற்றிப் பேசியிருக்கின்றன. கிளையின் திரை சரி என்று காட்டும், உள்ளே இருக்கும் கணக்கில் தொகை வேறாக இருக்கும்; நாற்பது கிளைகள் வரை பாதிப்பு. அந்தக் கூட்டத்தின் குறிப்பு பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. பிழை வெளியே தெரிந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கிளைக்குத் தெரியாமல் ஃபுஜித்சுவே உள்ளே போய்த் தொகையை மாற்றுவது ஒரு தீர்வாக முன்வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கைத் தொடவே முடியாது என்று நடத்துநர்களிடம் பல ஆண்டுகள் சாதித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் தரப்பு ஆட்கள் தொடுவதைப் பற்றி மேசையில் உட்கார்ந்து பேசிய பிறகும் சாதித்தார்கள்.

சீமாவுக்குப் பதினைந்து மாதச் சிறை. தண்டனை அறிவிக்கப்பட்ட நவம்பர் 11, அவருடைய மகனின் பத்தாவது பிறந்தநாள். அவர் அப்போது எட்டு வாரக் கர்ப்பிணி. பின்னர் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டையுடன் இரண்டாவது பிள்ளையைப் பெற்றார். அந்த வழக்கில் நிபுணராக வந்து ஹொரைசன் நன்றாக இயங்குகிறது என்றவர் ஃபுஜித்சுவின் பொறியாளர். தனக்குத் தெரிந்த பிழைகளை அவர் நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை என்று 2013இல் போஸ்ட் ஆபீஸுக்கு அதன் வழக்கறிஞரே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் சீமா தன் பெயரை மீட்க 2021 ஏப்ரல் வரை காத்திருந்தார்.

சட்டத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, கணினி ஆவணத்தைச் சாட்சியமாகத் தருபவர் அந்தக் கணினி முறையாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. 1999ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அதை நீக்கியது. அதற்குப் பிறகு, மாறாக நிரூபிக்கப்படும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லாத ஒரு கடைக்காரர் அதை எப்படி நிரூபிப்பார்? அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு ஒன்றை ஃபுஜித்சு வைத்திருந்தது. 555 பேர் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அது நடத்துநர்கள் தரப்பின் கண்ணில் பட்டது.

“மென்பொருளில் பிழை வந்தால் கம்பெனியைத் தண்டிப்பது என்று ஆரம்பித்தால், நாளைக்கு எவனும் ஒரு வரி நிரல் எழுத மாட்டான்” என்று ஒரு நண்பர் அன்று இரவே எனக்குச் செய்தி அனுப்பினார். பிழைக்காகத் தண்டிக்கச் சொல்லவில்லை ஐயா, மறைத்ததற்காகக் கேட்கிறேன். இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொருவர், “பிரிட்டனில் நடந்ததற்குச் சென்னையில் உட்கார்ந்து நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவில் வேலை பார்த்தேன். பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள்தான் பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஓர் இரவு ஒன்பதரை மணிக்குத் தென்மாவட்டக் கிளை ஒன்றிலிருந்து காசாளர் பெண் ஒருவர் அழைத்தார். கல்லாவில் 4,350 ரூபாய் குறைகிறது. “சார், நான் மூணு தடவை எண்ணிட்டேன் சார், பில்லு கட்டையும் வச்சுப் பாத்துட்டேன்” என்றார். பின்னால் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது. கடைசிப் பேருந்து போய்விடும் என்று யாரோ அவரை அவசரப்படுத்தினார்கள். எனக்கு அன்று இன்னும் பதினோரு டிக்கெட்டுகள், அதாவது வாடிக்கையாளர் புகார்ப் பதிவுகள், பாக்கி. “சிஸ்டத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘பயனர் பிழை’ என்று தேர்ந்தெடுத்து மூடினேன்.

மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. நெட்வொர்க் நடுவில் அறுந்து திரும்ப வந்தால், நிலுவையில் நின்ற பில் இரண்டு முறை பதிவாகிக்கொண்டிருந்தது. அடுத்த வெளியீட்டில் சரிசெய்தோம். வாடிக்கையாளருக்குப் போன குறிப்பில் எங்கள் மேலாளர் அதை ‘சிறு திருத்தம்’ என்று எழுதினார். கிளைகளுக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். கேட்டால் பழைய கணக்கையெல்லாம் கிளறுவார்கள், விடு என்றார். விட்டேன். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் இரண்டு தவணையாக அந்தப் பணம் பிடிக்கப்பட்டது எனக்குத் தெரியும். ஏனென்றால், பிடித்த தொகையை எங்கே பதிவது என்று கேட்டு அதே கிளையிலிருந்து ஒரு டிக்கெட் வந்தது. அதையும் நான்தான் மூடினேன்.

யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அந்தக் கடையில் அதற்குப் பிறகு எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? கல்லாவில் கை வைத்தவள் என்ற பேச்சு ஒரு சின்ன ஊரில் எவ்வளவு தூரம் போகும்? அவளுக்காக நான் ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல ஒருவனுக்குத் தெரியும், அவன் மேலாளருக்குத் தெரியும், இருவரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள் என்று பொருள்.

2024 ஜனவரியில் ஃபுஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, தொடக்கத்திலிருந்தே பிழைகள் இருந்தன, வழக்குகளுக்கு நாங்கள் உதவினோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டில் பங்கு தர வேண்டிய தார்மீகக் கடமை இருக்கிறது என்றும் சொன்னார். அதாவது, நிறுவனமே ஒப்புக்கொண்டதைத்தான் நம் மேடையில் ஒருவர் மறுத்து, கைதட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தத் தார்மீகக் கடமையும் வாயளவில்தான் நின்றது. 2025 ஜூலையில், இந்த விவகாரத்தை விசாரிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி வின் வில்லியம்ஸ் விசாரணையின் முதல் அறிக்கை வெளிவந்தபோது, நூறு கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கப்பட்டிருந்தது. அது முழுக்க மக்களின் வரிப்பணம். ஃபுஜித்சு ஒரு பைசா தந்திருக்கவில்லை. குறைந்தது பதின்மூன்று பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. அந்த நாள்வரை, நிறுவனங்களின் பக்கத்தில் ஒருவர்மீதுகூடக் குற்றவழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆயிரம் பவுண்டு குறைந்தால் கர்ப்பிணியையும் கூண்டில் ஏற்றத் தெரிந்த நாட்டுக்கு, இதற்கு மட்டும் இவ்வளவு ஆண்டுகள் வேண்டியிருக்கிறது.

“கீழ்நிலைப் பொறியாளரைப் பலிகடா ஆக்கப் பார்க்கிறாய்” என்று நாளை ஒருவர் எழுதுவார். இல்லை. ‘சிறு திருத்தம்’ என்று எழுதியது நான் இல்லை, என் மேலாளரும் தானாக எழுதவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. மறைத்தால் யாருக்கு இலாபமோ, அவர்கள் பதில் சொல்லட்டும். பொறியாளர் பேசினால் வேலை போகாது என்ற நிலை இருந்தால் அவர் பேசுவார். பேசாவிட்டால் அவரையும் கேளுங்கள். என்னையும் கேளுங்கள்.

பிரிட்லிங்டனில் கிளை நடத்திய லீ காசில்டன், பற்றாக்குறை வருகிறது என்று உதவி எண்ணை 91 முறை அழைத்தார். ஏறக்குறைய 25,000 பவுண்டுக்காக அவரை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாமல் தானே வாதாடித் தோற்று, எதிர்த்தரப்பின் செலவாக 321,000 பவுண்டு விதிக்கப்பட்டு, திவாலானார். 91 அழைப்புகளையும் யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதையோ குறித்துக்கொண்டு மூடியிருக்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் தருவதாக அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சாளரும் வருவாராம். நான் அந்த 4,350 ரூபாயிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி இதைப் படித்தால், அவனும் வர வேண்டும்.