மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்க முடியாதவர்களுக்காக

நாங்கள் குடியிருப்பது சென்னைப் புழுதிவாக்கத்தில். பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. காலையில் துடைத்த டீப்பாயில் சாயங்காலம் விரலால் கையெழுத்துப் போடலாம். அதனாலோ என்னவோ, தூசி சம்பந்தப்பட்ட சந்தேகம் எதுவாக இருந்தாலும் தோழிகள் என்னிடம்தான் வருகிறார்கள். இந்த வாரம் மட்டும் மூன்று பேர். "வேக்குவம் கிளீனர் வாங்கலாமா? எவ்வளவு ஆகும்? ரோபோ வாங்கிடட்டுமா?"

தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று சுத்தத் தண்டம். மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடுகிறது.

தண்டம் முதலில். கல்யாணமான புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டை கட்டிய பையன் ஒருவர் பெரிய பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். "மேடம், வாங்க வேண்டாம், சும்மா பாருங்க." சும்மா பார்த்தோம். மெஷினின் வாயில் ஒரு கறுப்புத் துணியை மாட்டி, எங்கள் கட்டில் மெத்தையில் பத்தே பத்து இழுப்பு. துணியைக் கழற்றிக் காட்டினால் நடுவில் வெள்ளையாக, கோலமாவு கொட்டின மாதிரி ஒரு வட்டம். மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "அய்யய்யோ, இதுலயாடி இத்தனை நாள் படுத்துக்கிட்டு இருந்தோம்!" அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. பன்னிரண்டு மாதத் தவணை.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. மெத்தையில் தூசி இருந்தது, மெஷின் அதை உறிஞ்சியது. அவர் சொல்லாமல் விட்ட சங்கதிகள்தான் எங்களைக் கவிழ்த்தன. மெஷின் பிளக் பெரிய பிளக், 16 ஆம்ப். எங்கள் வீட்டு ஹாலில் அந்த சாக்கெட்டே கிடையாது. சமையலறையில் ஒன்று, பெட்ரூமில் ஏசிக்காக உச்சியில் ஒன்று. சோபாவைச் சுத்தம் செய்ய ஸ்டூல் போட்டு ஏறி ஏசி பிளக்கைப் பிடுங்கி, இதைச் சொருகி, ஒயரை வாசற்படி தாண்டி இழுத்துக்கொண்டு வந்தால், சோபாவுக்கு இரண்டடி முன்னாலேயே ஒயர் முடிந்துபோகும். அதைவிடக் கொடுமை துணிப் பை. முழுக்க உறிஞ்சி முடித்து, பால்கனியில் நின்று பையை உதறினால், உறிஞ்சியதில் பாதி திரும்ப என் முகத்துக்கே வரும். நாலு தடவை எடுத்தோம். ஐந்தாவது தடவை பரணில் ஏறியது. கொலுப் படிக்கும் ரிப்பேரான கிரைண்டருக்கும் நடுவில் பத்து வருஷத் தவம். போன தடவை பரணை ஒழித்தபோது காயலான் கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓடுதாம்மா?" என்றார். "ஓடுது. நாங்கதான் ஓட்டல" என்றேன்.

அப்புறம் ஏன் இரண்டாவது வாங்கினாய் என்கிறீர்களா? என் பையன் ஆறாம் வகுப்பு. தினம் காலையில் எழுந்ததும் பதினைந்து இருபது தும்மல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு. ஸ்கூல் போனால் சரியாகிவிடும். வெளிக்காற்றில் மெட்ரோ புழுதி, வீட்டுக்குள் இருந்தால்தான் பிள்ளைக்கு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "படுக்கிற மெத்தை எத்தனை வருஷப் பழசு?"

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. என் அம்மா வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை. மாதம் ஒருமுறை இரண்டு பேர் பிடித்து மொட்டைமாடியில் போட்டு, வெயில் ஏறினதும் கம்பால் நாலு சாத்து சாத்துவார்கள். புழுதி பறக்கும். சாயங்காலம் எடுத்து வந்தால் மெத்தையில் வெயில் வாசனை. இப்போது நம் வீட்டில் இருப்பது ஸ்பிரிங் மெத்தை. நாலு ஆள் வேண்டும், லிஃப்டில் நுழையாது. வாங்கின நாளில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. சோபாவும் அதே கதை. முன்னே மர பெஞ்ச், பிரம்பு நாற்காலி, ஈரத்துணியால் ஒரு துடை. இப்போது மூன்று பேர் உட்காரும் பஞ்சுப் பொதி.

என் கட்சி இதுதான். நம்ம ஊர் வீட்டுக்கு வேக்குவம் கிளீனர் தரைக்காக வேண்டியதே இல்லை. மொசைக்கோ டைல்ஸோ, பூந்துடைப்பமும் மாப்பும் அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயிலுக்கும் தண்ணீருக்கும் கொண்டுபோக முடியாத சாமான்கள் இருக்கின்றன பாருங்கள், அவற்றுக்குத்தான் வேண்டும். மெத்தை, சோபா, ஜன்னல் கொசுவலை, ஸ்லைடிங் ஜன்னலின் பள்ளம், ஃபேன் இறக்கை, புத்தக அலமாரி, கார் சீட். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் செலவு தானாகப் பாதியாகும்.

மெஷின் பிறந்த இடத்தையும் பாருங்கள். லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் 1901-ல் காப்புரிமை வாங்கியது, குதிரை இழுத்து வரும் வண்டி அளவு மெஷினுக்கு. வண்டியைத் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விடுவார்களாம். முக்கியமாகக் கார்ப்பெட்டுக்காக. கார்ப்பெட் இல்லாத நாம் கார்ப்பெட் மெஷினின் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெட்டியில் 'டர்போ பிரஷ்', 'மோட்டார் பிரஷ்' என்று போட்டுக் கூடுதலாக மூவாயிரம் கேட்டால், அது பெரும்பாலும் கார்ப்பெட் ரோமத்தைக் கிளறுவதற்கு. வீட்டில் நாய், பூனை முடி கொட்டினால் வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது நம்பர் மயக்கம். கடைக்காரர் "2000 வாட், செம பவர்" என்பார். வாட் என்பது மெஷின் குடிக்கிற கரண்ட். எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் 1,600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள். 2017-ல் அதையும் 900-க்கு இறக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் கார்ப்பெட்டையே 900 வாட்டில் சமாளிக்கும்போது நம் சோபாவுக்கு 2000 எதற்கு? இழுப்பைப் பார்க்க பாஸ்கல் என்கிற உறிஞ்சு அழுத்தக் கணக்கைப் பாருங்கள். அதிலும் ஒரு கண்கட்டு வித்தை. ஒயர் மெஷின் பெட்டியில் '17 கிலோ பாஸ்கல்' என்று இருக்கும். ரோபோ பெட்டியில் கொட்டை எழுத்தில் '5000 பாஸ்கல்'. என் வீட்டுக்காரர், பி.இ. படித்தவர், "அது 17, இது 5000, ரோபோதான் பெஸ்ட்" என்றார். கிலோ என்றால் ஆயிரம். அது 17,000, இது 5,000. இஞ்சினியரிங் படித்ததைப் பற்றி அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

ரோபோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறது. அவர்களுக்குப் பிரமாதமாக உதவுகிறது, ஏனென்றால் வீடு முழுக்க ஒரே மட்டம், சாமான் குறைவு, இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஒரு நாய். எங்கள் வீட்டில் ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அறைக்கு அறை கிரானைட் நிலைப்படி, அந்த ரோபோ ஏறுவது அதிகபட்சம் இரண்டு சென்டிமீட்டர்தான். ஹாலிலேயே சுற்றியது. பூஜை அலமாரிக்குக் கீழே இழைக்கோல மாவைத் தொட்டு, அந்த வெள்ளைச் சக்கரத்தோடு வீடு முழுக்கக் கோடு போட்டது. மிதியடி நுனி நூலைச் சாப்பிட்டுவிட்டு நடுவில் நின்று 'ஹெல்ப்' என்றது. முக்கியமான குறை, அதனால் மெத்தை மேல் ஏற முடியாது. நம் பிரச்சினையே மெத்தை.

கம்பு மாதிரி இருக்கும் கார்ட்லெஸ் வகை கைக்கு அடக்கம், எடை குறைவு, பார்க்கவும் அழகு. கையில் பணம் தாராளமாக இருந்தால் வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 40 நிமிஷம் மெதுவான வேகத்தில்தான். முழு வேகத்தில் வைத்தால் பல மெஷின்கள் பத்து நிமிஷத்தில் மூச்சை விடும். பேட்டரி சில வருஷத்தில் தளரும். புது பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்குமுன் கேளுங்கள். கடைக்காரர் மேலே பார்த்தால் நீங்கள் வாசலைப் பாருங்கள்.

நான் வாங்கியது ஒயர் வைத்த 'வெட் அண்ட் டிரை', 1,200 வாட், ஐயாயிரத்துக்குள். டிரம் மாதிரி இருக்கும், அழகென்று சொல்ல முடியாது. ஆனால் 6 ஆம்ப் சின்ன பிளக், ஹாலில் எங்கே வேண்டுமானாலும் சொருகலாம். கடையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், டேப் எடுத்துப் போனதுதான். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே 38 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. அதில் நிற்கிற மெஷின் எது என்று பார்த்து வாங்கினேன். பரணுக்குப் போகிற மெஷின் திரும்பி வராது.

இந்த மெஷின் தூசியைப் போலவே தண்ணீரையும் குடிக்கும். வாஷிங் மெஷின் குழாய் கழன்று சமையலறை குளமானபோது, துணி போட்டு ஒத்தி ஒத்திப் பிழியாமல் பத்தே நிமிஷத்தில் உறிஞ்சி எடுத்தேன். ஆனால் தண்ணீர் எடுக்குமுன் காகித ஃபில்டரைக் கழற்றி, கூடவே கொடுத்த ஸ்பாஞ்சை மாட்ட வேண்டும். சாதா மெஷினில் தண்ணீரை எடுத்தால் மோட்டார் போகலாம், ஷாக்கும் அடிக்கலாம். இன்னொன்று, சாம்பிராணித் தணல், ஊதுபத்திச் சாம்பலை ஆறாமல் உறிஞ்சிவிடாதீர்கள். உள்ளே பஞ்சும் முடியும் சுருண்டு கிடக்கிறது, கனல ஆரம்பித்தால் வம்பு.

ஃபில்டருக்கு வருகிறேன், தும்மல்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது, நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்வது. பூச்சி கடிப்பதில்லை, அதன் கழிவுதான் தும்மலைக் கிளப்புகிறது. சென்னை ஈரக்காற்று அதற்குச் சொர்க்கம். சுமாரான மெஷின், முன்னால் இழுத்த நுண்தூசியைப் பின்னால் காற்றோடு ஊதிவிடும். அதைத் தடுக்கத்தான் ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிப்பது அதன் இலக்கணம். 'ஹெப்பா போன்ற' என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை. ஆனால் மெஷினே எல்லாம் செய்துவிடும் என்று நம்பாதீர்கள். உயிருள்ள பூச்சி துணி இழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இழுப்புக்கு வராது. பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை போட்டுத் துவைக்கிறேன், மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போட்டேன், பிறகுதான் மெஷின். மூன்றும் சேர்ந்து இப்போது காலைத் தும்மல் நாலைந்தில் நிற்கிறது. ஓட்டும் நேரத்தில் பையனை வேறு அறைக்கு அனுப்பிவிடுவேன்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 1,200 வாட் மெஷின் இருபது நிமிஷம் ஓடினால் 0.4 யூனிட். வாரம் ஒருமுறை என்றால் இரண்டு மாத பில்லில் நாலு யூனிட்கூட வராது. சத்தம்தான் உண்டு, மதியத் தூக்கத்தில் இருக்கும் கீழ் வீட்டுத் தாத்தாவை மனதில் வைத்து ஓட்டுகிறேன். ஃபில்டரைக் கழுவினால் முழுக்கக் காயாமல் மாட்டாதீர்கள். ஒருமுறை மாட்டினேன், வீடே நனைந்த நாய் வாடை.

உபரி லாபம் ஒன்று. மூக்குத்தித் திருகாணி காணாமல் போன கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். குழாய் முனையில் பழைய மெல்லிய காட்டன் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, சோபா இடுக்கெல்லாம் மெதுவாக விட்டேன். இருபது ரூபாய்ச் சில்லறை, ஒரு மாத்திரை, இரண்டு ஹேர்பின். கடைசியாக 'டிக்' என்று ஒரு சத்தம். துணியில் எள்ளளவு தங்கம் ஒட்டிக்கொண்டு நின்றது.

கையால் தள்ளும் கரண்ட் மெஷினை ஆரம்பக் காலத்தில் செய்த ஒருவரின் கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர், ஒரு கடையில் பெருக்கும் வேலை பார்த்தவர். ஆஸ்துமா. தரை பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்கு ஆகவில்லை. ஃபேன் மோட்டார், பெட்டி, துடைப்பக்கட்டை, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை, இவற்றை வைத்து ஒன்றைச் செய்து 1908-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு அது ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. பெருக்குகிறவரின் இருமலுக்காகப் பிறந்த மெஷின்.

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. "வேணாம்மா, கையில கரண்ட் வந்துருமோன்னு இருக்கு. நான் துடைப்பத்துலயே பெருக்கிடுறேன்." நான் வற்புறுத்தவில்லை. அவர் பாட்டுக்குத் தரை பெருக்குகிறார். ஆனால் முன்பெல்லாம் செவ்வாய்தோறும் சோபா குஷனைத் துடைப்பக்கட்டையால் தட்டுவதும், கொசுவலையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், ஸ்டூலில் ஏறி ஃபேனைத் துடைப்பதும் அவர்தான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தும்மிக்கொண்டே செய்வார். நானும் பக்கத்து அறையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு, "பார்த்து இறங்குங்கக்கா" என்று சொன்னவள்தான். இப்போது அந்த மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை நானோ வீட்டுக்காரரோ மெஷினில் முடித்துவிடுகிறோம். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இப்பல்லாம் உங்க வீட்டுக்கு வந்தா தும்மலே வர்றதில்ல. சோப்புப் பவுடர மாத்திட்டியா?"