பட்ட மரத்தை நிற்க விடுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் காட்டு வழியில் ஒரு பட்ட மரம் நின்றால் போதும், "வீணாக நிற்கிறதே, எத்தனை வண்டி விறகு தேறும்!" என்று யாராவது கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்கும்போதே எரிச்சல் வருகிறது. பச்சையாக நின்ற காலத்தைவிட இப்போதுதான் அந்த மரத்தில் குடித்தனம் அதிகம்.

நாம் பெருமையாகச் சொல்லும் வைரம், அதாவது அடிமரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி, மரம் உயிரோடு இருக்கும்போதே உயிரற்ற கட்டைதான். பட்ட பிறகு பூஞ்சையும் புழுவும் மெல்ல மெல்ல இன்னும் தாராளமாக உள்ளே நுழைகின்றன. பட்டை கழன்ற மரத்தை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறத்தில் மின்னும். பட்டை வண்டு குடைந்த மரமாக இருந்தால் தடம் அப்படியே பதிந்திருக்கும்: தாய் குடைந்த வாய்க்கால் நடுவில், அதிலிருந்து புழுக்கள் தின்றுகொண்டே போன கிளைகள் பக்கவாட்டில். புழு பருக்கப் பருக்கத் தடமும் அகலும். எந்தச் சிற்பியும் இவ்வளவு பொறுமையாகச் செதுக்கமாட்டான்.

மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்துதான் பல நேரங்களில் அவற்றுக்கு வீடு. மரம் சாய்ந்தால் கரையான் வரும். கரையானைத் தேடிக் கரடி வரும்.

காட்டுத்தீக்குப் பட்ட மரம்தான் காரணம் என்கிறார்கள். தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதக் கை. அது ஓடுவது காய்ந்த புல்லிலும் சருகிலும் உண்ணிச்செடிப் புதரிலும். பருத்த அடிமரம் சட்டென்று பற்றாது. பற்றிவிட்டால் நாள்கணக்கில் கனலும், அதை மறுக்கவில்லை.

சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் பெண்களை இதில் இழுக்காதீர்கள். என் கோபம் ரம்பத்தோடு வருகிறவர்கள் மீது. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் அகற்றக் கூடாது என்று 2000 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நம் பக்கத்தில் காவிரி வடக்கு 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் 'காட்டைச் சுத்தம் செய்கிறோம்' என்ற பேச்சு ஓயவில்லை. காடு என்ன கல்யாண மண்டபமா, கூட்டிப் பெருக்க?

சாலையோரம் பஸ் மீது விழும் நிலையில் இருப்பதை வெட்டத்தான் வேண்டும். அப்போதும் கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்க விடலாம். வெட்டிய துண்டுகளைக் காட்டுக்குள்ளேயே உருட்டிவிடலாம். லாரி வாடகையும் மிச்சம்.