வாட்ச்மேன் கையில் ஒரு பட்டியல்

மதுரை கப்பலூரில் ஒரு கம்பெனி ஆட்களை வேலையை விட்டு நீக்கிய விதத்தைப் பற்றி மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அந்தக் கம்பெனி கொடுத்த விளக்கத்தைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை. "எல்லாம் சட்டப்படியே நடந்தது" என்கிறார்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்குத் தூக்குவாளியோடு வந்தவர்களைக் கப்பலூரில் கேட்டிலேயே நிறுத்தி, வாட்ச்மேன் கையில் ஒரு தாளைக் கொடுத்து, பெயர் பெயராக வாசிக்கச் சொல்லலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தது வாட்ச்மேனின் கையை. ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டுப் பேனாவால் ஒரு டிக் அடிக்கிறார். பாதியில் பேனா எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வாசிக்கிறார். மாடியில் ஆபீஸ் விளக்கு எரிகிறது. ஒருவர்கூட இறங்கி வரவில்லை.

ஆட்குறைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் இல்லை, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் சிலரை அனுப்பித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் அனுப்புகிறவர் எதிரே வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

"நீங்கள் என்றைக்காவது ஒரு கம்பெனி நடத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நடத்தியதில்லை. ஆனால் பட்டியல் போட்டிருக்கிறேன். வாகனங்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனியில் 22 வருடம் இருந்தேன். கடைசி எட்டு வருடம் மேனேஜர். மொத்தம் 64 பேர். 2019 இலேயே வாகன விற்பனை படுத்துவிட்டது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஏற்கெனவே சரக்கு எடுத்த பெரிய கம்பெனிகளும் பணம் தரவில்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு 120 நாள் தாண்டியும் வரவில்லை. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. எங்களுடையது உயர் அழுத்த மின் இணைப்பு. பிரஸ் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட மின் அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது விதி. நெருக்கடி என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எங்கள் முதலாளி முதலில் தன் சம்பளத்தை நிறுத்தினார். அடுத்து ஆபீஸில் இருந்த எங்கள் ஆறு பேருக்கும் 30 சதவீதம் குறைத்தார். மின் ஒப்பந்த அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தோம். நீராவிக் குழாயில் கசிந்த இடங்களையெல்லாம் அடைத்தோம். பழைய மோல்டுகளை இரும்பு விலைக்குப் போட்டோம். அதற்கு அப்புறமும் மாதாமாதம் துண்டு விழுந்தது. அப்போதுதான் ஒன்பது பெயர் எழுதினேன்.

ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்துச் சொன்னேன். முதலாளியும் கூடவே இருந்தார். ரப்பர் கலக்கும் மிக்ஸிங் மில் ஓட்டிய அண்ணன் ஒருவர், 18 வருட சர்வீஸ். கார்பன் தூள் ஏறிக் கறுத்த நகத்தால் மேசைக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். பிறகு என் பேனாவை வாங்கி, கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, அவரே கணக்குப் போட்டார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000. அதை 15 ஆல் பெருக்கி, 18 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்தார். 1,24,615 ரூபாய். என் தாளில் அதைவிடக் குறைவாக இருந்தது. பஞ்சப்படியை விட்டிருந்தேன். "தம்பி, இதை விட்டுவிட்டீர்களே" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டில் பெயர் வாசித்து அனுப்பியிருந்தால் அந்தப் பிழையை அவர் யாரிடம் காட்டியிருப்பார்? வாட்ச்மேனிடமா?

முன்கூட்டியே சொன்னால் மெஷினில் கைவைத்துவிடுவார்கள் என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 22 வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இப்படிக் கேட்கிறவன் யூனியன்காரன் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது வசை அல்ல, ஐயா. நான் யூனியனில் இருந்ததில்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். சட்டப்படி என்று மார்தட்டுகிறீர்களே, சட்டத்தைத்தான் பார்ப்போமே. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. இதைக் கொடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதும் 1953 முதல் சட்டத்தில் இருக்கிறதே. வேறு வரிசையில் நீக்கினால் அதற்குக் காரணம் எழுதிவைக்க வேண்டும். அன்று வாசித்த பெயர்களில் இருபது வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று வீடியோவில் தலைநரைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். போன மாதம் காண்டிராக்டில் எடுத்த பையன்கள் அதே கேட் வழியாக உள்ளே போகிறார்கள். அதையும் பாருங்கள். இதை நான் சொன்னால் யூனியன்காரனா?

ஆரப்பாளையத்தில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரருக்கு வேலை போனால் மாலைக்குள் தெருவுக்கே தெரியும். யாராவது அரிசி கொண்டுபோய் வைப்பார்கள். இன்று வேலை போனவன் நாலு நாள் தூக்குவாளியோடு பஸ் ஏறிப் போய் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறான், வீட்டில் சொல்ல முடியாமல். அவன் தலைகுனியும்படி நடந்தது கேட்டில், பத்துப் பேர் பார்க்க. பணம் கொடுத்துவிட்டோம் என்கிறீர்களே, அதற்கு எந்தப் பணம் ஈடு?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். யாராவது கமெண்டில் எழுதுவதற்கு முன் நானே சொல்வதுதான் முறை. ஒன்பது பேரையும் அழைத்துச் சொன்னேன் என்றுதான் மேலே எழுதினேன். எட்டுப் பேரைத்தான் அழைத்தேன். ஒன்பதாவது ஆள் என் தெருக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன், நானே வேலைக்குச் சேர்த்துவிட்டவன். அவனை எதிரே உட்காரவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரவு போன் செய்து சொன்னேன். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டான். அவனுக்கு வர வேண்டியது மறுநாளே வங்கிக் கணக்கில் ஏறியது, ஒரு ரூபாய் குறையாமல். இன்று வரை நான் டீக்கடையில் நின்றால் அவன் உள்ளே வருவதில்லை. நான் குடித்து முடித்துக் கிளம்பும் வரை எதிர்ப்பக்கத்து மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுகொண்டிருக்கிறான்.