மஞ்சள் பஸ் எங்கே போகும் என்று அம்மாவுக்குத் தெரியும்

அம்மாவுக்கு இப்போது 76 வயது. மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் இளம்வயதில் மலேசியாவின் பினாங்குத் தீவு முழுக்கத் தனியாகப் போய்வந்தவர். ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் பச்சை பஸ். பாலிக் புலாவில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு மஞ்சள் பஸ். பத்து பெரிங்கி ஹோட்டலில் வேலை பார்த்த மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக நீல பஸ். எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரையும் அம்மா இந்த மூன்று வண்ணங்களில்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

யாரோ திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல அது. தீவின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கம்பெனி பஸ் ஓட்டியது. கம்பெனியின் வண்ணமே ஊரின் அடையாளமாகிவிட்டது. 2007இல் ரேபிட் பினாங்கு பஸ் நிறுவனம் வந்த பிறகு வண்ணத்தின் வேலையை எண்கள் எடுத்துக்கொண்டன. 101 என்றால் தெலுக் பஹாங், 204 என்றால் கொடிமலை அடிவாரம். எண் முறையை நான் குறை சொல்லவில்லை. வழிகள் பெருகியபோது எண் இல்லாமல் முடியாது. ஆனால் அம்மாவின் கண்ணுக்கு எண் தெரிவதற்குள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிடுகிறது. வண்ணமோ தெருமுனையிலேயே தெரியும்.

பாலிக் புலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 401இ, 502 இரண்டும் அங்கேதான் போகின்றன. முன்னது விமான நிலையம் வழியாகத் தெற்கே சுற்றிப் போகிறது. பின்னது ஆயர் ஈத்தாமிலிருந்து மலைச்சாலை ஏறி இறங்குகிறது. ஊர் ஒன்று, வழி இரண்டு. அவசரத்தில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறுகிறவர் என்ன செய்வார்?

ஒவ்வொரு வழிக்கும் ஒரு வண்ணம் பூசிவிடலாமே என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். போய்த் திரும்ப 2 மணி நேரம் பிடிக்கும் வழியில் 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 6 பஸ் ஓட வேண்டும். பழுதானால் மாற்ற ஒன்று கூடுதலாக நிற்க வேண்டும். எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி இருந்தால் சில உபரி பஸ்களைப் பத்து வழிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். வண்ணம் பூசிப் பிரித்துவிட்டால் பத்து வழிக்கும் பத்து உபரி வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் எத்தனை பஸ் விட்டாலும் போதாது. அன்று உதவிக்குத் தெலுக் பஹாங் வழியின் வண்ணம் பூசிய பஸ் வந்து நின்றால் யார் நம்பி ஏறுவார்?

அண்ணன் சொன்னது சரி. ஆனால் வண்ணத்தை உடம்பில்தான் பூச வேண்டுமா? பஸ்ஸின் நெற்றியில் எண் காட்டும் மின்பலகை இருக்கிறதே, பல வண்ணம் காட்டும் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. ஆயர் ஈத்தாம் பக்கம் போனால் பச்சை வெளிச்சம், விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் மஞ்சள், தெலுக் பஹாங் இருக்கும் வடகரைக்கு நீலம். நிறுத்தத்தின் கம்பத்திலும் அதே வண்ணம். வண்டியின் வகை ஒத்துப்போனால், காலையில் 101 ஆக ஓடிய பஸ் மாலையில் 204 ஆக மாறலாம், யாரும் ஏமாறப்போவதில்லை. கோலாலம்பூரில் 2012 முதல் ஓடும் கோகேஎல் இலவச பஸ்களின் வழிகளுக்குப் பச்சை, ஊதா என்று வண்ணத்தாலேயே பெயர் வைத்தார்கள். பெயரை மறந்தவரும் வண்ணத்தை மறப்பதில்லை.

வண்டியின் வகையை மட்டும் வழிக்கு வழி நிலையாக ஒதுக்கியே ஆக வேண்டும். விமான நிலையம் வழியாகப் போகும் 401இ பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் வேண்டும். 502 பஸ்ஸுக்கு மலை வளைவுகளில் திரும்பக்கூடிய வண்டி வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் நிறைய ஏறும் ஆயர் ஈத்தாம் வழிக்குத் தாழ்தள பஸ்தான் சரி. இதில் சமரசமே கூடாது.

பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி என்னும் இலகு ரயில் பாதை வேலை 2025இல் தொடங்கிவிட்டது. அந்த ரயில் ஆயர் ஈத்தாமுக்கும் வராது, பாலிக் புலாவுக்கும் வராது. அது ஓடத் தொடங்கும்போது பஸ் வழிகளை எப்படியும் மாற்றி அமைப்பார்கள். அதுவரை காத்திருக்காமல் 101, 204, 401இ, 502 ஆகிய இந்த நான்கு வழிகளின் பலகைகளை மட்டுமாவது முதலில் மாற்றிப் பாருங்கள் என்று கேட்கிறேன். போன தீபாவளிக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போகும்போது 401இ வந்து நின்றது. படியில் கால் வைப்பதற்கு முன் அம்மா ஓட்டுநரிடம் தமிழிலேயே கேட்டார்: “தம்பி, இது மஞ்சள் பஸ்தானே?”