ரேஷன் கார்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா, இன்றே பாருங்கள்

மருத்துவச் செலவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் ரேஷன் கார்டில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்பதைக் குடும்ப அட்டைதான் சொல்கிறது. அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு இல்லை. கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை அப்பா வீட்டுக் கார்டில் இருந்து உடனே எடுத்துவிடுகிறார்கள். கணவன் வீட்டுக் கார்டில் சேர்ப்பதை மட்டும் அடுத்த மாதம், தீபாவளி கழித்து, குழந்தை பிறந்த பிறகு என்று தள்ளிப்போடுகிறார்கள். நடுவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு வீட்டுக் காப்பீட்டிலும் அவருக்கு இடம் இருக்காது. தனிக்குடித்தனம் போன மகன், ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மா, இவர்களுக்கும் இதே கதைதான். ஆதாரில் ஒரு எழுத்து, கார்டில் வேறு எழுத்து என்று இருந்தாலும் ஆஸ்பத்திரி கவுன்டரில் ஒரு நாள் வீணாகும். இ-சேவை மையத்தில் சும்மா இருக்கும் ஒரு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை.

அடுத்தது காப்பீட்டு அட்டை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு ₹72,000 ஆக இருந்தது. அப்போது "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் பிறகு திரும்பிப் போகவே இல்லை. போய்க் கேளுங்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பதிவு முடிந்ததும் ஒரு பாலிசி எண் கிடைக்கும். உயிர்நாடி அந்த எண்தான். கார்டு தொலைந்துவிட்டது என்று பயந்துபோய்க் கையில் இருக்கும் பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு தேடி மின்-அட்டையை எடுத்துக்கொள்ளலாம். 1800 425 3993 கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வருமானச் சான்றுக்கு ஒரு நாள், கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு நாள். குடும்பமே போக வேண்டியிருந்தால் பஸ் செலவோடு எல்லாருடைய அன்றைய கூலியும் போகும். முகாம் நடக்கும்போது ஊரிலேயே பதிவு செய்கிறார்கள், ஆனால் நோய் முகாம் தேதி பார்த்து வருவதில்லை. கிராம சுகாதார செவிலியருக்குத் தன் பகுதியில் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை, யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அவர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அட்டைப் பதிவை அங்கே, இல்லையென்றால் 30,000 பேருக்கு ஒன்று என்று இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது, வாரத்தில் ஒரு நாள் நிரந்தரமாக வைத்தால் யாருக்கு அவசரமாகத் தேவையோ அவர்கள் முதலில் பதிவாவார்கள். இதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

சரி, அட்டை இருக்கிறது. அது என்ன செய்யும், எங்கே கைவிடும்?

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் வந்தது, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. இப்போது ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை. ஆளுக்கு ஐந்து லட்சம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். ஒருவருடைய புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி போய்விட்டால் அந்த ஆண்டு மற்றவர்களுக்கு மிச்சம்தான்.

மக்கள் அதிகம் அடிபடும் இடம் முன் அனுமதி. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி நோயாளியின் அறிக்கைகளையும் புகைப்படத்தையும் ஏற்றி அனுமதி கேட்க வேண்டும், அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை. அவசர நிலை என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்க வழி இருக்கிறது. நடப்பது என்ன? முதல் நாள் பதற்றத்தில் அட்வான்ஸ் கட்டி, சாதாரண நோயாளியாகச் சேர்த்துவிடுகிறோம். மூன்றாம் நாள் சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ ஞாபகப்படுத்த, அட்டையை நீட்டுகிறோம். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும். முடிந்த ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க முடியாது. அதனால் வாசலில் கால் வைத்ததும், டோக்கன் போடும் முன்பே காப்பீட்டு கவுன்டர் எங்கே என்று கேளுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். "இங்கே காப்பீடு எடுப்பீர்களா" என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கும், ஆனால் எலும்புப் பிரிவுக்கு மட்டும் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. அங்கீகாரம் துறைவாரியாகத்தான். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "இந்த நோயாளிக்கு நீங்கள் சொல்லும் இந்தச் சிகிச்சைக்கு, இந்த ஆஸ்பத்திரியில், அட்டையில் அனுமதி வருமா?" அனுமதி வந்த பிறகும் "பேக்கேஜ் (அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் தரும் தொகை) போதாது, மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்றால், அது ரொக்கமில்லாச் சிகிச்சை என்ற அடிப்படைக்கே எதிரானது. எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வார்டில் இருந்தபடியே மேலே சொன்ன எண்ணுக்குப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் போடும் புகாரைவிட, படுக்கையில் நோயாளி இருக்கும்போது போடும் புகாருக்கு வேகம் அதிகம். அரசு மருத்துவமனையில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கட்டணம் கேட்டாலும் அட்டையைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், அட்டை ஒன்றே காப்பாற்றிவிடும் என்ற நினைப்பு ஆபத்தானது. காரணம் எளிது. அட்டை படுக்கையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைகளுக்கானது. டாக்டர் ஃபீஸுக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அது உதவாது. ஒரு வீட்டில் இருவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும், மாத்திரையும் பரிசோதனையுமாக மாதம் ₹1,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ₹12,000. திட்டத்தின் வருமான வரம்பான ₹1,20,000-இல் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. மருத்துவச் செலவு குடும்பச் செலவில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குடும்பத்தைத் தாங்க முடியாத சுமையில் இருப்பதாகத்தான் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளின் அளவுகோல் 2025-இல் மாற்றப்படும் வரை கணக்கில் எடுத்தது. ஒரு ஊசி, ஒரு ஆபரேஷன் இல்லாமலே அந்த வீடு அந்தக் கோட்டுக்கு வந்துவிடுகிறது. அதைவிட மோசம், கையில் காசு குறையும் மாதங்களில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். அந்த மிச்சம்தான் பிறகு பக்கவாதமாகவும் டயாலிசிஸாகவும் வருகிறது.

இதற்கான மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து கிடங்குகள் வழியாக அனுப்பும் மருந்து அது. "அங்கே கொடுக்கிற மாத்திரை கேட்காது" என்பவர்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று மருந்தின் மூலப்பெயர் இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்றும் இருக்கும். தனியார் டாக்டர் எழுதிய பிராண்டின் அட்டையிலும் சிறிய எழுத்தில் அதே மூலப்பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியார் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்குள்ள மருத்துவர் பரிசோதித்து, இருப்பில் உள்ளதைக் கொண்டு மாற்றி எழுதுவார். நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், அளவு தவறிப்போகும். அங்கே இல்லாத மருந்துக்கு, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பிராண்டைச் சொன்னால் அங்கே இல்லை என்றுதான் பதில் வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பதிவானால், நடமாட முடியாதவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதற்குத்தான். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைச் சிகிச்சை, வலியோடு படுத்திருப்பவருக்கு வலிநிவாரணப் பராமரிப்பு, இவையும் இதே திட்டத்தில் உண்டு. மாத்திரையைப் பலரும் வாங்கிக்கொள்கிறார்கள், இந்த இரண்டையும் கேட்பவர்கள் குறைவு. நகரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கின்றன. அரை நாள் சம்பளத்தை இழக்காமல் போய்வரலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஒன்றே ஒன்று: 12 வாரத்துக்குள் பதிவு. அப்போது கிடைக்கும் ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழிலேயே சிக்கல் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் ₹14,000-மும் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அந்தப் பதிவோடு கட்டப்பட்டவை. பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான்: கணவன் பெயரில் கொடுத்திருப்பார்கள், ஆதார் இணைந்திருக்காது, அல்லது பல வருடம் தொடாத கணக்காக இருக்கும். சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், புதன் தடுப்பூசி நாள்.

சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லை. தொடக்கத்தில் ₹1 லட்சமாக இருந்த வரம்பு பிறகு ₹2 லட்சம் ஆனது. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆனால் திட்டத்தில் இணைந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றி அருகில் கண்ட ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட 108-ஐக் கூப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 49-ஆவது மணியில் என்ன என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். அட்டை இருப்பவர் அதில் தொடரலாம், இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கையில் இருந்து கட்ட வேண்டும்.

மாதச் சம்பளம் ₹21,000 வரை வாங்கும் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். ₹15,000 சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது ₹113, முதலாளி கட்டுவது ₹488. வெளிநோயாளிச் சிகிச்சை, மாத்திரை, குடும்பத்தாருக்கான மருத்துவம் எல்லாம் அதில் சேர்ந்தது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், நோய் விடுப்பில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிடித்தம் செய்துகொண்டே கட்டாமல் விடும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். உங்கள் காப்பீட்டு எண்ணில் பங்களிப்பு ஏறுகிறதா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கடைசியாக, ரசீது இல்லாத கட்டணம். ஸ்ட்ரெச்சர் தள்ள, பிறந்த குழந்தையை வெளியே காட்ட, டிரெஸ்ஸிங் மாற்ற என்று கேட்கப்படும் ஐம்பதும் ஐந்நூறும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், ரத்தம், மருந்து, தாய்க்குச் சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாமே இலவசம் என்று 2011-லேயே திட்டம் வந்துவிட்டது. "சந்தோஷமாகக் கொடுங்கள்" என்று கேட்பதும் வசூல்தான். ரசீது கேளுங்கள், 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லுங்கள். கொடுக்க வசதியுள்ளவர் தொல்லை வேண்டாம் என்று கொடுத்துவிடுவதால்தான், அடுத்த படுக்கையில் இருப்பவரிடம் அது உரிமையோடு கேட்கப்படுகிறது.

மரணத்திலும் இந்த வசூல் நிற்பதில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடு வரை கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. அது தெரியாமல், வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்குக் கேட்ட பணத்தைக் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பிணவறைச் சுவரிலும், அழுத கண்ணோடு வருகிறவருக்கும் படிக்கத் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்தில், அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும்.